மிஸ்ட் ஃபில்டர் விளக்குக்கு, சாஃப்ட் ஃபில்டர் தோலுக்கு

கேள்வி சுருக்கமாக இது. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் கல்யாண வீடியோவும் போர்ட்ரெயிட்டும் எடுக்கிறீர்கள். கையில் இருப்பவை 35, 85 எம்.எம். லென்ஸ்கள். படம் தேவைக்கு மேல் கூர்மையாக வருகிறது; மேக்கப் திட்டும் தோலின் நுண்துளைகளும் பளிச்சென்று தெரிகின்றன. லென்ஸ் முன்னால் மாட்டும் பிளாக் மிஸ்ட் ஃபில்டர் 1/4 வாங்குவதா, 1/8 வாங்குவதா, இல்லை எடிட்டிங்கிலேயே சரிசெய்துகொள்ளலாமா?

எண் மட்டும் வேண்டுமென்றால், 35-க்கு 1/4, 85-க்கு 1/8 (1/8 லேசு, 1/4 அதைவிடக் கனம், 1/2 இன்னும் கனம்). ஆனால் அதை வாங்கி மாட்டிய பிறகும் மேக்கப் திட்டு கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும். மிஸ்ட் ஃபில்டர் பரப்புவது விளக்கொளியை. தோலின் நுண்விவரத்தைக் குறைக்கும் ஃபில்டர் வேறு வகை. இரண்டுக்கும் "டிஃப்யூஷன்" என்ற ஒரே பெயர் இருப்பதால், தோலுக்காக மிஸ்ட் வாங்கி, வேலை செய்யவில்லையே என்று அடுத்த எண், அதற்கடுத்த எண் என்று ஏற்றி, கடைசியில் லென்ஸைத் துடைக்காமல் எடுத்தது போன்ற வீடியோவோடு நிற்பவர்கள்தான் அதிகம்.

எந்த ஃபில்டரும் வாங்கும் முன் கேமராவுக்குள் போய்ப் பாருங்கள். முகம் அளவுக்கு மீறிக் கூர்மையாகத் தெரிவதில் ஒரு பங்கு லென்ஸுடையது அல்ல, கேமரா தானாகச் சேர்க்கும் செயற்கை ஷார்ப்னஸ். விளிம்புகளின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, இமை முடி கம்பி மாதிரி நிற்பது, கன்னத்தில் மணல் தூவியது போன்ற தோற்றம் இவையெல்லாம் அதன் அடையாளம். சோனியில் பிக்சர் புரொஃபைலுக்குள் "டீட்டெயில்" என்ற பகுதி இருக்கும். லெவலை −7 வரை இறக்கலாம். பானசோனிக்கில் போட்டோ ஸ்டைலில் ஷார்ப்னஸ் −5 வரை போகும். மற்ற கேமராக்களிலும் இதே அமைப்பு வேறு பெயரில் இருக்கிறது. அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். தேவையென்றால் எடிட்டிங்கில் கொஞ்சம் ஷார்ப்னஸ் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கேமரா போட்ட வெள்ளை ஓரத்தை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுத்துத் தராது. ஃபில்டரும் அதை மறைக்காது, ஏனென்றால் அந்த ஓரம் உருவாவது ஒளி ஃபில்டரைத் தாண்டி சென்சாருக்கு வந்த பிறகு.

ஒளியும் அப்படித்தான். மண்டபத்தின் உச்சியிலிருந்து நேராக விழும் எல்.இ.டி. விளக்கு ஒவ்வொரு நுண்துளைக்கும் ஒரு நிழல் போடும். ஃபில்டர் கண்ணாடி அந்த நிழலை அழிக்காது. முகத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, 90 அல்லது 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் ஒன்று செய்யும் வேலை எந்த ஃபில்டரும் செய்வதை விடப் பெரிது. வியர்வைப் பளபளப்பைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பளபளப்பின் மேல் மிஸ்ட் போட்டால் பளபளப்பு இன்னும் பெரிதாகத்தான் தெரியும்.

இப்போது இரண்டு வகைகளுக்கு வருவோம்.

முதல் வகையில் கண்ணாடிக்குள் மிக நுண்ணிய துகள்கள் பரவியிருக்கும். வரும் ஒளியில் பெரும்பகுதி தடையில்லாமல் நேராகப் போகிறது, கொஞ்சம் துகளில் பட்டுச் சிதறுகிறது. நேராகப் போனது கூர்மையான படத்தைத் தருகிறது. சிதறியது அதன் மேல் மெல்லிய ஒளிப் புகையாகப் படிகிறது. பிரகாசமான இடத்திலிருந்துதான் நிறையச் சிதறும் என்பதால் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் வரும், பக்கத்து நிழல்கள் சற்று வெளுக்கும். டிஃபன் கம்பெனியின் புரோ மிஸ்ட், ஷ்னைடரின் ஒயிட் ஃப்ராஸ்ட் இந்த வகை. இதிலேயே கறுப்புத் துகளும் கலந்தால் பிளாக் புரோ மிஸ்ட், பிளாக் ஃப்ராஸ்ட். கறுப்புத் துகள் சிதறிய ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் நிழல் அவ்வளவாக வெளுக்காது, கான்ட்ராஸ்ட் ஓரளவு நிற்கும். நிசி, கே அண்ட் எஃப், கென்கோ என்று இன்று கடைகளில் "பிளாக் மிஸ்ட்" என்று கிடைப்பவை எல்லாம், மொமென்ட் விற்கும் சினிபுளூமும் சேர்த்து, இந்தக் குடும்பம்தான்.

இரண்டாம் வகையில் கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறுசிறு மேடு பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி லென்ஸ். அவற்றின் இடைவெளி வழியாகப் போகும் ஒளி கூர்மையான படத்தைத் தருகிறது. மேடுகள் வழியாகப் போவது அதே படத்தின் ஃபோக்கஸ் தவறிய பிரதியைத் தருகிறது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழும்போது இமையும் கருவிழியும் நிற்கும், கன்னத்தின் நுண்விவரம் மட்டும் கரையும். ஷ்னைடரின் கிளாசிக் சாஃப்ட், டிஃபனின் சாஃப்ட் எஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் கேமராக்காரர்கள் பயன்படுத்திய ஜெய்ஸ் சாஃப்டார் எல்லாம் இங்கே வரும். டிஃபனின் டிஜிட்டல் டிஃப்யூஷன் எஃப்எக்ஸ் இதிலும் ஒரு படி தள்ளி நிற்கிறது: விளக்கைச் சுற்றி வட்டம் வராமல் நுண்விவரத்தை மட்டும் தட்டிவிடுவதற்காகவே செய்தது. ஃபில்டர் போட்டிருப்பதே தெரியக்கூடாது என்கிற பேட்டி வீடியோவுக்கு அது பொருத்தம்.

இரண்டையும் கலந்தவையும் உண்டு. ஷ்னைடரின் ஹாலிவுட் பிளாக் மேஜிக் என்பது 1/8 பிளாக் ஃப்ராஸ்ட்டையும் கிளாசிக் சாஃப்ட்டையும் ஒரே கண்ணாடியில் சேர்த்தது. நீங்கள் சொல்லும் பிரச்சினைக்கு நேரான விடை அதுதான் என்பது என் கணிப்பு: விளக்குக்குக் கொஞ்சம், தோலுக்குக் கொஞ்சம். 85-இல் 1/8 அல்லது 1/4 போதும்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1/4 என்றால் கால்பங்கு ஒளி சிதறுகிறது என்று அர்த்தமில்லை. அது அந்தந்தக் கம்பெனி தனக்குள் வைத்திருக்கும் வரிசை மட்டுமே. ஒரு பிராண்டின் 1/4 இன்னொன்றின் 1/8-ஐ விட லேசாக இருக்கலாம். கென்கோவில் 05, 1 என்று போகும், சினிபுளூமில் சதவீதம் போட்டிருக்கும். இரண்டு கேமராவுக்கு வாங்கினால் ஒரே கம்பெனியில் வாங்குங்கள்.

எண்ணை விட முக்கியமானது அதை எந்த லென்ஸில் மாட்டுகிறீர்கள் என்பது. ஃபில்டர் ஒளியைச் சிதறடிப்பது ஒரு கோணத்தில். லென்ஸை மாற்றினால் அந்தக் கோணம் மாறாது. சென்சாரில் அது எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதுதான் மாறும். 1 டிகிரி சிதறல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 35 எம்.எம். லென்ஸில் அது சென்சார் மேல் 0.6 மி.மீ., 85-இல் 1.5 மி.மீ., 200-இல் 3.5 மி.மீ. 36 மி.மீ. அகல ஃபிரேமில் இவை முறையே 1.7, 4.1, 9.7 சதவீதம். ஒரே கண்ணாடிதான், ஆனால் 35-இல் விளக்கின் ஓரத்தில் மெல்லிய வளையமாக இருந்தது 200-இல் ஃபிரேமின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீள்கிறது. 70–200 லென்ஸில் 1/4 மாட்டி மேடையை எடுத்துவிட்டு, "கேமராவில் ஏதோ கோளாறு" என்று சர்வீஸுக்குக் கொண்டுபோவது இதனால்தான்.

எனவே ஃபுல் ஃபிரேமில் தொடங்க ஓர் அளவுகோல்: 24-க்கும் கீழே 1/4 அல்லது 1/2, 35-க்கு 1/4, 50-க்கு 1/4 அல்லது 1/8, 85-க்கு 1/8. 135-க்கு மேல் 1/8 கூட யோசித்துத்தான். பெரும்பாலும் வெறும் லென்ஸே போதும். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமை விடச் சின்ன சென்சார்) கேமராவானால் கோணத்தைப் பாருங்கள்: அதில் 35 எம்.எம். என்பது ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய 52-க்குச் சமம், மிஸ்ட்டின் அளவும் 52-இல் தெரிவது போலவே தெரியும். ஜூம் லென்ஸில் ஒரே ஷாட்டில் 24-லிருந்து 105-க்குப் போனால் மிஸ்ட்டும் கண்ணெதிரே ஏறும். மிஸ்ட் போட்டு ஜூம் செய்யாதீர்கள்.

அபெர்ச்சரும் விளையாடும். 85 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-இல் வைத்தால் ஒளி உள்ளே வரும் வாய் 47 மி.மீ. அகலம், ஃபில்டரின் பெரும்பகுதி வேலை செய்கிறது, துகள்கள் சராசரியாகிவிடுகின்றன. 24 எம்.எம். லென்ஸை எஃப் 8-இல் வைத்தால் வாய் வெறும் 3 மி.மீ. அந்தச் சின்ன வட்டத்துக்குள் வரும் துகள்கள் கொஞ்சம்தான். அதனால் வெளுத்த வானத்தை நோக்கி எடுக்கும்போது துகள்களே மங்கிய புள்ளிகளாகத் தெரியக்கூடும், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் அவை கேமராவோடு ஒட்டிக்கொண்டு நகரும். வெளிப்புறத்தில் மிஸ்ட் போட்டால் அபெர்ச்சரைச் சுருக்காமல் என்.டி. ஃபில்டரால் ஒளியைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திறந்த அபெர்ச்சரிலும் ஒரு விலை உண்டு: பின்னணி சீரியல் லைட்டுகள் பந்து பந்தாகக் கரையுமே, அந்தப் பந்துகளுக்குள் மிஸ்ட்டின் துகளும் சாஃப்ட் ஃபில்டரின் மேடுகளும் பொரிபொரியாகத் தெரியும். மண்டபத்துச் சீரியல் செட்டை நம்பி போர்ட்ரெயிட் எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே ஒரு ஷாட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மிஸ்ட்டோடு எடுக்கும்போது ஃபிரேமைப் பார்க்கும் விதமும் மாற வேண்டும். சின்ன விளக்கு வளையம் தரும், பெரிய வெளிச்சப் பரப்பு மூட்டம் தரும். குத்துவிளக்கின் சுடர் சின்னது. அதைச் சுற்றி இளஞ்சூட்டு நிறத்தில் ஒரு வளையம், அவ்வளவுதான். மிஸ்ட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மணப்பெண்ணின் குளோசப்பைப் பாருங்கள். வைர மூக்குத்தியின் ஒரு முகத்தில் விளக்கு பட்டுத் தெறிக்கிறது. வெறும் லென்ஸில் அது ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. 85-இல் 1/8 போட்டால் புள்ளியைச் சுற்றி ஒரு மெல்லிய மினுக்கம். அதே இடத்தில் 1/2 போட்டால் மினுக்கம் பரந்து நாசியின் ஓரக்கோடே மறைந்துவிடும். மூக்குத்தியின் வடிவம் போய் ஒரு வெளிச்சத் துளிதான் மிஞ்சும். நெற்றிச்சுட்டிக்கும் பட்டின் ஜரிகைக்கும் இதே கதை. நகையை நகையாகக் காட்ட வேண்டிய ஷாட்டுக்கு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

ரிசப்ஷன் மேடையின் எல்.இ.டி. சுவர் இதற்கு நேர் எதிர். ஜோடியின் பின்னால் பன்னிரண்டு அடி அகலத்துக்கு வெளிச்சம் கொட்டும் பரப்பு அது. ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் சிதறி முகத்தின் மேல் வந்து படியும். கறுப்புக் கோட்டு சாம்பலாகும், முகத்தில் ஆழம் போகும்; சுவரில் ஊதா ஓடினால் முகத்திலும் ஊதா ஏறும். இங்கே வழி இரண்டுதான்: ஃபில்டரைக் கழற்றுவது, அல்லது எல்.இ.டி. ஆபரேட்டரிடம் சொல்லிச் சுவரின் பிரகாசத்தைக் குறைப்பது. இரண்டாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், முகத்தின் எக்ஸ்போஷருக்கும் அது நல்லது. பகல் ஜன்னலும் வெயில் பட்ட வெள்ளை வேட்டி சட்டைக் கூட்டமும் இதே மூட்டத்தைத் தரும். ஹோமப் புகை எழுந்துவிட்டால் அதுவே ஒரு மிஸ்ட் ஃபில்டர். அதன் மேல் இன்னொன்று வேண்டாம். தாலி கட்டும் நேரத்துக்கு என் பரிந்துரை எப்போதும் 1/8, அல்லது வெறும் லென்ஸ். போடாத மிஸ்ட்டைப் பிறகு ஓரளவு சேர்க்கலாம், போட்டதைக் கழற்ற முடியாது.

ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் விளக்கை மறந்துவிடுவார்கள். பக்கவாட்டு விளக்கு ஒன்று ஃபிரேமில் தெரியவே தெரியாது, ஆனால் அதன் ஒளி ஃபில்டர் கண்ணாடி மேல் நேராக விழும். அந்த நொடியே முழுப் படமும் வெளுக்கும், காரணம் பிடிபடாது. லென்ஸ் முன்னால் கையை விளிம்பாக நீட்டி நிழல் கொடுத்துப் பாருங்கள். கறுப்பு திரும்பி வந்தால் அதுதான் குற்றவாளி. லென்ஸ் ஹூட் போடுங்கள். ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் வளையம்) மாட்டியதால் ஹூட் ஏறவில்லை என்றால் மேட் பாக்ஸ் (லென்ஸ் முன் நிற்கும் மறைப்புப் பெட்டி), அதுவும் இல்லையென்றால் கறுப்புச் சார்ட் பேப்பரை மடித்து ஒட்டினாலும் போதும்.

இன்னொரு தொல்லை, பிரதி விளக்கு. இருட்டில் ஒரு பிரகாசமான விளக்கு ஃபிரேமின் மேல் இடது மூலையில் இருந்தால், கீழ் வலது மூலையில் அதன் தலைகீழ் உருவம் ஒன்று மிதக்கும். சென்சாரிலும் லென்ஸிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஃபில்டரின் தட்டைக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருவதால் உண்டாவது அது. நல்ல கோட்டிங் இருந்தால் குறையும். மேட் பாக்ஸில் ஃபில்டர் டிரேயைச் சற்றே சாய்த்தால் பிரதி ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். திருகும் ஃபில்டரில் சாய்க்க வழியில்லை. கோணத்தை மாற்ற வேண்டும் அல்லது கழற்ற வேண்டும்.

கடற்கரை ஊர்களில் வேலை செய்பவர்களுக்கு: ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். மிஸ்ட் போட்டிருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஃபில்டரின் வேலை என்றே தோன்றும். பையை மூடியபடியே பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். விரல் ரேகையும் அப்படித்தான். அது ஒரு திசையில் இழுத்த கோடாக விளக்கைப் பரப்பும். விளக்கிலிருந்து ஒரே பக்கமாகக் கீற்று நீண்டால் ஃபில்டரைக் குறை சொல்லாமல் துணியை எடுங்கள்.

எக்ஸ்போஷரில் நடக்கும் தவறு இது. மிஸ்ட் போட்டதும் கறுப்பு மேலேறுவதால் மானிட்டரில் படம் வெளுத்துத் தெரியும். ஓவர் எக்ஸ்போஸ் ஆகிவிட்டது என்று அபெர்ச்சரைக் குறைப்பார்கள். முகம் இருட்டாகும், எடிட்டிங்கில் தூக்கினால் நாய்ஸ் வரும். மிஸ்ட் கண்ணாடிகள் விழுங்கும் ஒளி மிகக் குறைவு; ஈடு செய்யத் தேவையில்லை என்றே சொல்லலாம். முகத்தை மட்டும் பாருங்கள். ரெக் 709-இல் (வழக்கமான டிவி வண்ணத்தில்) எடுத்தால் மாநிற முகத்தின் வெளிச்சப் பக்கம் வேவ்ஃபார்மில் (வெளிச்சத்தைச் சதவீதத்தில் காட்டும் வரைபடத்தில்) 45 முதல் 55 சதவீதத்தில் நின்றால் சரி, அதைத் தொடாதீர்கள். மேலேறிய கறுப்பை கிரேடிங்கில் (நிறமும் ஒளியும் திருத்தும்போது) லிஃப்ட்டை, அதாவது இருண்ட பகுதியின் அளவை, இறக்கிச் சரிசெய்யலாம், ஆனால் முழுவதும் பூஜ்யத்துக்கு இழுக்க வேண்டாம். மிஸ்ட் தந்த மென்மையில் பாதி அந்த வெளுத்த கறுப்பில்தான் இருக்கிறது.

ரெக்கார்டிங் 10 பிட்டில் (8 பிட்டை விட ஒளிப் படிகள் அதிகம்) இருக்கட்டும், முடிந்தால் 4:2:2 (நிற விவரம் அதிகம்). விளக்கைச் சுற்றி மெல்ல மெல்லத் தேயும் வெளிச்ச வளையம் 8 பிட்டுக்குப் பரம எதிரி. கிரேடிங்கில் கொஞ்சம் இழுத்தாலே வளையம் மரத்தின் ஆண்டு வளையம் போலப் படிப்படியாக உடையும், ஆன்லைனில் ஏற்றிய பிறகு இன்னும் மோசமாகும். கேமராவில் 8 பிட்தான் உண்டு என்றால் லாகை (கிரேடிங்குக்காக வெளுப்பாகப் பதியும் முறையை) விட்டுவிட்டு, கடைசியில் வேண்டிய தோற்றத்துக்கு நெருக்கமான புரொஃபைலில் எடுங்கள், ஃபில்டரையும் ஓர் எண் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோக்கஸில் 1/8, 1/4 மிஸ்ட்டுக்கு ஆட்டோ ஃபோக்கஸ் பொதுவாகத் தடுமாறாது. கனமான சாஃப்ட் ஃபில்டரோடு வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்ணைப் பிடிக்க அலையும். மேனுவலில் பீக்கிங் கோடுகள் (ஃபோக்கஸ் விழுந்த விளிம்பில் கேமரா காட்டும் நிறக் கோடுகள்) மெலியும். அதை நம்பாமல் பெரிதாக்கிப் பாருங்கள். சாஃப்ட் ஃபில்டர் என்றால் அதை மாட்டிய பிறகு, எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோக்கஸ் வையுங்கள். ஃபோக்கஸ் தவறியதையும் சாஃப்ட்டாக வந்ததையும் சின்ன மானிட்டரில் பிரித்தறிய முடியாது. இமை முடியில் ஒரு கூர்மை இருக்கிறதா என்பதுதான் சோதனை. அது இல்லையென்றால் அது மென்மை அல்ல, பிழை.

வேரியபிள் என்.டி.யோடு சேர்க்கும்போது மிஸ்ட் லென்ஸ் பக்கம், என்.டி. வெளியே. வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் நுழையும்போது என்.டி.யை மட்டும் கழற்றினால் போதும். 24-இலும் அதற்குக் கீழும் இரண்டு வளையம் சேர்ந்தால் மூலைகள் இருளக்கூடும். எல்லா லென்ஸுக்கும் தனித்தனியாக வாங்காமல் 82 எம்.எம். ஒன்று வாங்கி 67–82, 77–82 ஸ்டெப்-அப் ரிங் போடுவது சிக்கனம். திருகு இறுகிவிட்டால் வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டு போட்டு, அழுத்தாமல் திருப்புங்கள். இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்தால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும்.

எடிட்டிங்கிலேயே செய்யலாமா? தோலுக்கு என்றால் செய்யலாம், பல சமயம் அதுதான் நல்லது. டாவின்சி ரிசால்வில் தோல் நிறத்தை மட்டும் குவாலிஃபையரால் பிடித்து, மிட்டோன் டீட்டெயிலை −20 முதல் −40 வரை இறக்கிப் பாருங்கள். கண், புருவம், உதடு, ஜரிகை எதுவும் தொடப்படாது. ஃபில்டருக்கு அந்த விவேகம் கிடையாது. முகத்தோடு பட்டுப்புடவையின் நெசவும் சேர்ந்து மழுங்கும்.

விளக்கு வளையத்துக்கு என்றால் கண்ணாடியே மேல், காரணம் கணக்கில் இருக்கிறது. எரியும் விளக்கின் இழை முகத்தை விட 1000 மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் நடுச்சாம்பலுக்கு மேல் ஏறக்குறைய 6 ஸ்டாப் வரை (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரு மடங்காக்கும்) தாங்கும் என்றால் 64 மடங்கோடு முட்டிக்கொண்டு வெள்ளையாகிவிடும். மென்பொருள் பரப்புவது அந்த 64-ஐ. கண்ணாடி பரப்பியதோ முழு 1000-ஐ, வெளிச்சம் சென்சாரில் முட்டும் முன்பே. அதனால்தான் மென்பொருள் குளோவில் விளக்கும் வெள்ளைச் சட்டையும் ஒரே அளவு மினுங்கும், கண்ணாடியில் விளக்கு மட்டும் தனித்து நிற்கும். மென்பொருளில்தான் செய்வேன் என்றால் குளோவை லீனியர் காமாவில் (ஒளியின் உண்மை விகிதம் மாறாத கணக்கில்), டிஸ்ப்ளேக்கு மாற்றும் படிக்கு முன்னால் வையுங்கள். கிரீன் ஸ்க்ரீன் ஷூட்டுக்கு எந்த டிஃப்யூஷனும் கூடாது. பச்சை முடிக்குள் கசிந்து கீயிங் (பச்சையை வெட்டி எடுக்கும் வேலை) கெட்டுவிடும். வெட்டி ஒட்டிய பிறகு மொத்தப் படத்துக்கும் குளோ போடுவதே முறை.

ஸ்டில் போர்ட்ரெயிட்டில் என் பார்வை இன்னும் கறாரானது. ரா ஃபைலில் எடுத்து, லைட்ரூமில் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு டெக்ஸ்ச்சரை −15, −25 என்று இறக்கினால் போதும்; கிளாரிட்டியை அதிகம் இறக்கினால் முகம் மெழுகாகும். பின்னாலிருந்து ஒளி வரும் படம், விளக்கொளிப் படம் இவற்றுக்கு மட்டும் 1/8 மிஸ்ட் மாட்டுங்கள். ஃபோட்டோஷாப்பில் மிஸ்ட் தோற்றம் வேண்டுமானால் லேயரை நகலெடுத்து, காசியன் பிளர் கொடுத்து, ஸ்க்ரீன் மோடில் ஒபாசிட்டி 15 முதல் 25 சதவீதம் வைத்து, பிளெண்ட் இஃப் வழியாக நிழலில் தெரியாமல் செய்யுங்கள். பிளர் அளவு படத்தின் நீளப் பக்கத்தில் 1 சதவீதம் என்று தொடங்கலாம். 6000 பிக்சல் படத்துக்கு 60.

காசு செலவில்லாத பழைய வழி வலை. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் நடிகையின் குளோசப்புக்கு லென்ஸ் முன் மெல்லிய வலைத்துணி கட்டிய காலம் உண்டு. அடுத்த ஷாட்டில் நடிகரின் முகம் வெறும் லென்ஸில் வரும்போது தூக்கிவாரிப் போடும், இன்று பார்த்தாலும் தெரியும். 10 டீனியர் (மிக மெல்லிய) கறுப்பு ஸ்டாக்கிங் துணியை, கண்ணாடி எடுத்த பழைய ஃபில்டர் வளையத்தின் மேல் எல்லாப் பக்கமும் ஒரே இழுவையில் இழுத்து ரப்பர் பேண்டு போடுங்கள். இழுக்க இழுக்கக் கண்ணி விரியும், மென்மை குறையும். கறுப்பு வலை கறுப்பைக் காப்பாற்றும், வெள்ளை வலை நிழலை வெளுக்கும். ஒளி அரை ஸ்டாப் அளவுக்குக் குறையும், முகத்தை வைத்து மறுபடி அளந்துகொள்ளுங்கள். விளக்கில் கண்ணியின் வடிவத்துக்கேற்ப நட்சத்திரக் கீற்று வரும், வேண்டுமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சினிமா லென்ஸ்களில் வலையை லென்ஸின் பின்பக்கத்தில் ஒட்டுவார்கள். மிரர்லெஸ்ஸில் அதைச் செய்யாதீர்கள்: நூலிழை ஒன்று பிரிந்து ஷட்டரில் விழுந்தால் வலையின் விலையைப் போல ஆயிரம் மடங்கு செலவு. வாஸ்லினும் அப்படியே, தடவினால் பழைய யு.வி. ஃபில்டரின் மேல் மட்டும், நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு சுத்தமாக விட்டு. லென்ஸில் ஒருபோதும் இல்லை.

எதை வாங்கினாலும் கல்யாணத்துக்கு முன் வீட்டில் ஒரு சோதனை. ஒருவரை உட்கார வையுங்கள், மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் நல்லது. முன்னால் வைக்கும் விளக்கு அந்தக் கண்ணாடியில் பட்டு எப்படிப் பரவுகிறது என்றும் தெரிந்துவிடும். அவர் தோளுக்குப் பின்னால் ஃபிரேமின் ஓரத்தில் எரியும் பல்பு ஒன்று, பக்கத்தில் ஒரு கறுப்புத் துணி, கையில் செய்தித்தாள். ஒயிட் பேலன்ஸ், ஐ.எஸ்.ஓ., ஷட்டர் 1/50 எல்லாம் பூட்டிவிடுங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, வெறும் லென்ஸில் ஒன்று, ஃபில்டரோடு ஒன்று. பிறகு எஃப் 8-இல் அதே இரண்டு, வெளிச்சம் குறைந்ததை ஐ.எஸ்.ஓ.வால் ஈடு செய்து. 35-இலும் 85-இலும் செய்யுங்கள். கணினியில் நான்கு விஷயம் பாருங்கள்: கறுப்புத் துணி வேவ்ஃபார்மில் எவ்வளவு ஏறியது, பல்பின் வளையம் முகத்தைத் தொடுகிறதா, செய்தித்தாளின் எழுத்து படிக்க முடிகிறதா, கண்ணின் வெளிச்சப் புள்ளி புள்ளியாகவே இருக்கிறதா. கணினியில் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்யாண வீட்டார் டிவியிலும் போனிலும்தான் பார்க்கப்போகிறார்கள், அந்த அளவில் பாருங்கள். போனில் 1/8 இருப்பதே தெரியாது. 55 இன்ச் டிவியில் 1/2 உறுத்தும்.

ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருந்தால் 82 எம்.எம். பிளாக் மிஸ்ட் 1/8. 85-இல் சரியாக இருக்கும், 35-இல் குறைவாகத் தெரியும், ஆனால் எங்கும் கெடுக்காது. இரண்டாவதாக 35-க்கு அதே கம்பெனியின் 1/4. தோலுக்கென்றே தனியாக வேண்டுமென்றால் 85-க்கு ஹாலிவுட் பிளாக் மேஜிக் 1/8 அல்லது கிளாசிக் சாஃப்ட் 1/4. 1/2 மிஸ்ட் பாட்டு ஷூட், ப்ரீவெட்டிங் மாதிரி ஒளியை நீங்களே அமைக்கும் இடத்துக்கு மட்டும். மண்டபத்துக்கு அதை எடுத்துப் போகாதீர்கள், கையில் இருந்தால் மாட்டத் தோன்றும்.